குழந்தைகள் ஏறி விளையாடும் சிமென்ட் ஆமை: பொது இடத்தில் பெரிய சிற்பம் செய்யும் வழி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஃப்ரீமாண்ட் என்ற பகுதியில், ஒரு பெரிய பாலத்தின் அடியில் 18 அடி உயரப் பூதம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தலையும் தோளும் கைகளும் மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும். இடது கையால் ஒரு நிஜமான ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை நசுக்கிப் பிடித்திருக்கும். குப்பை கொட்டும் இடமாகிப்போன பாலத்தடியை மீட்க வேண்டும் என்று அந்தப் பகுதியின் கலை மன்றம் ஒரு போட்டி வைத்தது. ஸ்டீவ் பேடனஸ் உள்ளிட்ட நான்கு பேர் கொண்ட குழு 1990இல் இதைச் செய்து முடித்தது. வருகிறவர்கள் அதன் கையில் ஏறுகிறார்கள், தோளில் உட்காருகிறார்கள், கண்ணைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பகுதிக்கே அது அடையாளம். அதற்குள்ளே இருப்பது கம்பி, வலை, சிமென்ட். நம் தெருவில் வீடு கட்டும் எந்தக் கொத்தனாருக்கும் பழக்கமான பொருள்கள்தான்.

ஜெருசலேமில் பிரெஞ்சுக் கலைஞர் நிக்கி த சான் ஃபால் 1970களின் தொடக்கத்தில் ஒரு அரக்கனைச் செய்தார். வாயிலிருந்து நீளும் மூன்று சிவப்பு நாக்குகளும் சறுக்கு மரங்கள். கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியலில், மெக்சிகோவிலிருந்து வந்த பெஞ்சமின் டொமிங்கஸ் என்ற சிற்பி தம் எழுபது வயதுக்கு மேல் திமிங்கலம், ஆக்டோபஸ், நட்சத்திர மீன் என்று ஒரு கடலையே சிமென்டில் செய்து வைத்தார். 1965இல் திறந்த அந்தப் பூங்காவில் அன்று ஏறி விளையாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஏறுகிறார்கள்.

இந்தச் சிற்பங்களுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. முகம் எப்படி இருக்கும் என்பதோடு, ஒரு ஆறு வயதுப் பிள்ளை காலை எங்கே வைக்கும், கையால் எதைப் பிடிக்கும் என்பதும் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் வலியுறுத்துவது இதைத்தான். ஏறும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள். முகத்தையும் கண்ணையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சிற்பம் என்னவாக இருக்கலாம்?

ஆமை. காரணம் சொல்கிறேன்.

நாம் செய்யப்போவது ஃபெர்ரோசிமென்ட் வேலை. கம்பிக் கூட்டின் மேல் மெல்லிய வலைகளைக் கட்டி, அதில் ஜல்லி இல்லாத சிமென்டுக் கலவையை அழுத்தி ஏற்றுவது. 1848இல் தெற்கு பிரான்சில் ஜோசஃப் லூயி லாம்போ என்பவர் இந்த முறையில் ஒரு படகையே செய்தார். நூறு ஆண்டு கழித்து இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி இதை வைத்துக் கட்டடங்களும் கப்பல்களும் கட்டினார். சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. இந்தப் பொருளுக்கு வளைவு பிடிக்கும். தட்டையான பலகையாகச் செய்தால் பலவீனம். கவிழ்த்த கிண்ணமாக வளைத்தால் ஐந்து செ.மீ. கனத்திலேயே இருபது பிள்ளைகளைத் தாங்கும். ஆமை ஓடு அந்த வளைவேதான்.

இன்னொரு காரணம் உயரம். ஆமை தாழ்வானது, அகலமானது. உச்சியிலிருந்து விழுந்தாலும் நான்கு அடிதான். முதல் முயற்சியிலேயே ஒட்டகச்சிவிங்கிக்குப் போகாதீர்கள். வங்கக் கரையோர ஊர்களில் பங்குனி ஆமை முட்டையிட வருவதை ஊரே அறியும் என்பதால், பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பிரியமும் உண்டு.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அளவை வைத்துப் பேசுகிறேன்: ஓடு 10 அடி நீளம், 7 அடி அகலம், 4 அடி உயரம். உள்ளே காலி, ஒரு சின்ன அறை மாதிரி; நுழைய மூன்று வாசல். இதையே உள்ளே நிரப்பி முழுக் கான்கிரீட்டாகப் போட்டால் ஏறக்குறைய 10 டன் எடை வரும். கூடாகச் செய்தால் ஓடு மட்டும் ஒரு டன் சொச்சம். செலவும் அஸ்திவாரமும் அந்த அளவுக்குக் குறையும்.

இடம், அனுமதி, பொறுப்பு

பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும், பூங்கா என்றால் பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியும் எழுத்தில் அனுமதி தர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஒரு கம்பிகூட வாங்க வேண்டாம். அதிகாரி மாறினால் பேச்சும் மாறிவிடும். அந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கட்டும்: சிற்பம் யாருக்குச் சொந்தம், பழுது பார்ப்பது யார் செலவு, அகற்ற நேர்ந்தால் யாரிடம் கேட்க வேண்டும். நான் சொன்ன சான் கேப்ரியல் பூங்காவையே 2006இல் நகர நிர்வாகம் இடிக்கத் திட்டமிட்டது. ஊர்மக்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துப் போராடித்தான் காப்பாற்றினார்கள். செய்தவர் அப்போது உயிரோடு இல்லை.

இடத்தைப் பார்க்கப் போகும்போது காலையில் ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை போங்கள். சித்திரை வெயிலில் சிமென்ட் எப்படிச் சுடும் என்பது உங்களுக்குத் தெரியும். பிற்பகலில் நிழல் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். வேம்போ புங்கமோ பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனால் அடிமரத்திலிருந்து பத்து அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஓட்டின் மேல் நின்றால் கிளை கைக்கு எட்டவும் கூடாது. தரைக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம்.

களிமண்ணில் சின்ன ஆமை

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் களிமண்ணில் மாதிரி செய்யுங்கள். 10 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 4 அங்குல உயரம். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு விரல்களைக் கால்களாக்கி ஏறிக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் யோசித்து வைத்த படியை விட்டுவிட்டுத் துடுப்பு வழியாக ஏறுவார்கள், வாலில் குதிப்பார்கள், தலைமேல் உட்காருவார்கள். அவர்கள் விரல் போன வழியெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் பிடியும் படியும் வர வேண்டும்.

தலையைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கி வைத்தால் பார்க்க அழகு. ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் அதில் தொங்குவார்கள். முதல் சிற்பத்தில் தாடை தரையில் படிந்திருக்கட்டும். கழுத்துக்குப் பலமும் ஆயிற்று, தவழும் குழந்தை அதன் முகத்தைத் தடவிப் பார்க்கவும் எட்டும்.

மாதிரி திருப்தியாக வந்ததும், பாதி காய்ந்த நிலையில் மெல்லிய கம்பியால் அதை ஒரு அங்குலத்துக்கு ஒரு துண்டாகக் குறுக்கே அறுங்கள். ஒவ்வொரு துண்டையும் கட்டம் போட்ட தாளில் நிறுத்திச் சுற்றி வரையுங்கள். இந்தக் கோடுகள்தான் உங்கள் விலா எலும்புகள். பின்னால் இவற்றைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கி, சிமென்ட் தரையில் சாக்கட்டியால் வரைந்து, அதன்மேல் வைத்துக் கம்பியை வளைப்போம்.

உயிர் சம்பந்தப்பட்ட சில அளவுகள்

விளையாட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆண்டு அனுபவத்தில் வகுத்த விதிகள் இருக்கின்றன. நம்மூர்ப் பள்ளிக்கும் அவை பொருந்தும், பிள்ளையின் தலை அளவு எங்கும் ஒன்றுதானே.

முக்கியமானது தலை சிக்கும் இடைவெளி. 9 செ.மீ.க்கு மேல் 23 செ.மீ.க்குள் இருக்கும் எந்தத் திறப்பும் ஆபத்து. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். துடுப்புக்கும் ஓட்டுக்கும் நடுவே, கழுத்துக்கு இருபுறமும் இப்படி இடுக்கு வரத்தான் பார்க்கும். அங்கே ஒன்று முழுதாக மூடுங்கள், இல்லை தாராளமாகத் திறந்து விடுங்கள். மேல்நோக்கிய ஆங்கில 'வி' வடிவ இடுக்கு எங்குமே வேண்டாம், கழுத்து சிக்கும்.

அடுத்தது விரல். 8 மி.மீ. முதல் 25 மி.மீ. வரையுள்ள ஓட்டைகளில் விரல் மாட்டும். கைப்பிடி வைத்தால் அதன் பருமன் 16 முதல் 45 மி.மீ.க்குள் இருந்தால் சின்னக் கை இறுகப் பற்றும். வாசல்கள் இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் இருக்கட்டும். உள்ளே ஒரு குழந்தை அழுதால் ஆசிரியர் ஊர்ந்து போய்த் தூக்கி வர முடிய வேண்டும். ஒரு வாசலில் குனிந்து பார்த்தால் அடுத்த வாசல் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டு மூலை இருந்தால் பாம்புக்கும் அசுத்தத்துக்கும் இடமாகிவிடும்.

அஸ்திவாரம்

ஓட்டின் விளிம்பு தரையைத் தொடும் கோட்டில், முட்டை வடிவில் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் தோண்டுங்கள். அடியில் 4 அங்குலத்துக்கு 1:4:8 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில் பங்கு). அதன்மேல் நான்கு 12 எம்.எம். கம்பி, 8 எம்.எம். வளையம் போட்டு 1:1.5:3 கலவையில் சுற்றுப்பட்டம், அதாவது விளிம்பு முழுக்கச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை. வாசல் வரும் இடத்திலும் இந்தப் பட்டம் அறுபடக் கூடாது. தரைக்கடியில் தொடர்ந்து போகட்டும். கான்கிரீட் போடும்போதே ஒவ்வொரு அடிக்கும் ஒரு 10 எம்.எம். கம்பியை இரண்டு அடி உயரத்துக்கு வெளியே நிறுத்தி வையுங்கள். விலாக் கம்பிகள் இவற்றோடுதான் கட்டப்படும். இரண்டும் 50 செ.மீ.யாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தாடை உட்காரும் இடத்துக்கும் ஒரு சிறு அடித்தளம் போட்டுவிடுங்கள்.

கரிசல் மண் உள்ள ஊராக இருந்தால் இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண் அது. உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். எந்த மண்ணானாலும், ஆள் உயரத்துக்கு மேலே போகும் சிற்பத்துக்கும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புக்கும் பொறியாளர் கணக்கு இல்லாமல் கை வைக்கக் கூடாது.

கம்பிக் கூடு

மொத்த வேலையில் உங்கள் மனசும் நேரமும் அதிகம் செல்ல வேண்டிய இடம் இது. கம்பி சரியாக வந்துவிட்டால் சிற்பம் பாதி முடிந்தது. கம்பியில் வந்த கோணலைச் சிமென்டால் மறைக்கப் பார்த்தால் அங்கே கனம் கூடும், பின்னால் வெடிக்கும்.

தரையில் சாக்கட்டியால் வரைந்த கோடு சிற்பத்தின் வெளித்தோல். விலாக் கம்பி அதற்கு ஒரு அங்குலம் உள்ளே அமைய வேண்டும். அந்த ஒரு அங்குலத்தில்தான் நீளவாட்டுக் கம்பியும் வலையும் வெளிப்பூச்சும் அடங்கும். ஆகவே முதல் கோட்டுக்குள் இன்னொரு கோடு வேறு நிறத்தில் போட்டு, 10 எம்.எம். கம்பியை அந்த உள்கோட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்து வளையுங்கள். ஒரே இடத்தில் வெடுக்கென்று மடக்காமல், கையளவு கையளவாக நகர்த்தி வளைத்தால் வளைவு ஓடும்.

விலாக்கள் ஒரு அடிக்கு ஒன்றாக நின்றதும், அவற்றின் மேல் நீளவாட்டில் 8 எம்.எம். கம்பிகளை 6 அங்குல இடைவெளியில் தலையிலிருந்து வால் வரை ஓட்டுங்கள். வாசல் வளைவுகளில் 12 எம்.எம். கம்பி இரண்டு சேர்த்துக் கட்டுங்கள். கழுத்துக் கம்பிகள் ஓட்டுக்குள் இரண்டு அடியாவது புகுந்திருக்க வேண்டும். சந்திப்புகளை வெல்டிங் செய்யாமல் கட்டுக்கம்பியால் கொக்கி போட்டு இறுக்குவதே நல்லது. கை தேராத வெல்டிங் கம்பியைத்தான் கெடுக்கும். முறுக்கிய நுனி எல்லாவற்றையும் உள்பக்கமாக மடக்கிவிடுங்கள். ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டாம் மழைக்குள் துருப்புள்ளியாகத் தெரியும், பிறகு பிள்ளைகள் தொடையைக் கிழிக்கும்.

கட்டி முடிந்ததும் நீங்களே அதன்மேல் ஏறி நடந்து பாருங்கள். எங்காவது கூடு அசைந்தால் அங்கே குறுக்குக் கம்பி போதவில்லை என்று அர்த்தம். பிறகு இருபது அடி தள்ளி நின்று சுற்றிவந்து பாருங்கள். வளைவில் பள்ளம் மேடு இருந்தால் இந்த நிலையில்தான் நன்றாகக் கண்ணில் படும், திருத்துவதும் சுலபம்.

பேசும் குழாய் வைக்க ஆசை இருந்தால் இப்போதே பதித்துவிட வேண்டும். ஆமையின் வாயருகே ஒரு முனை, வால் பக்கம் ஒரு முனையாக 2 அங்குல பி.வி.சி. குழாயைச் சுற்றுப்பட்டத்தை ஒட்டி ஓட்டுங்கள். திருப்பங்களில் கூர்மூலை இல்லாத பெரிய வளைவு போட்டால் குரல் தெளிவாகக் கேட்கும். இரண்டு முனைகளும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் குனியாமல் பேசலாம். குழாயின் இரண்டு முனைகளிலும் துளைத்தகடு பொருத்துங்கள். துளை 8 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும். இந்த வசதிக்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் ஏற முடியாத ஒரு பிள்ளைக்கு அந்த ஆமையில் பங்கு கிடைக்கிறது. எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

வலை

கம்பிக்கு வெளியே ஒரு அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் ஒரு சுற்று, அதன்மேல் அரை அங்குலக் கோழி வலை இரண்டு சுற்று, உள்பக்கம் கோழி வலை ஒரு சுற்று. எல்லாம் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். துண்டுகள் சேரும் இடத்தில் 4 அங்குலம் மேலேறட்டும். ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. கட்டை விரலால் அழுத்தினால் வலை ஸ்பிரிங் போல எழும்பக் கூடாது. எழும்பினால் கரணையால் அழுத்தும்போது கலவை உதிர்ந்துகொண்டே இருக்கும். இந்த வேலைக்குக் கனமான தோல் கையுறை அவசியம்.

கலவையும் பூச்சும்

ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு பங்கு மணல். மணலை நைஸ் சல்லடையில் சலித்து எடுங்கள். எம்-சாண்டில் தூசி அதிகமாக இருந்தால் வேண்டாம், பூச்சுக்கென்று வரும் பி-சாண்ட் தேவலை. கடற்கரை மணலைத் தொடவே கூடாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும். தண்ணீரும் அப்படித்தான். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீரைச் சேர்க்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி. உப்பு போர்வெல் உள்ள ஊர்களில் குடிதண்ணீர் வாங்கியே கலக்குங்கள்.

50 கிலோ மூட்டைக்கு 20 முதல் 22 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கொத்தனார் பழக்கத்தில் "கொஞ்சம் இளக்கமா இருந்தாத்தாண்ணே இழுக்க வரும்" என்று இன்னொரு குடம் ஊற்றப் போவார். அன்பாகத் தடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி கலவையை எடுத்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும் வழியெல்லாம் நுண்துளைகள், அவற்றின் வழியாகத்தான் துரு வரும். ஓட்டுக்கு மட்டும் ஏழு மூட்டை சிமென்ட், தலையும் துடுப்பும் சிந்துவதும் சேர்த்தால் பத்து மூட்டை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு இரண்டு பேர் ஜோடியாக வேண்டும். ஒருவர் கூட்டுக்குள் உட்கார்ந்து ஒரு பலகையை வலையோடு சேர்த்துப் பிடிப்பார். வெளியே இருப்பவர் கரணையால் கலவையை வலைக்குள் அழுத்துவார். மேலே தடவுவது இல்லை, உள்ளே புகுத்துவது. கலவை மறுபக்கம் பலகையில் போய் முட்டுகிற வரைக்கும் அழுத்தம் இருக்க வேண்டும். பலகையை எடுத்ததும் உள்ளே இருப்பவர் அதே கலவையை இழுத்துத் தேய்த்துவிடுவார். வலைக்கும் கம்பிக்கும் நடுவே காற்று நின்றால் அங்கே தண்ணீர் சேரும். அடியிலிருந்து தொடங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே வாருங்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரத்தில் தீரும் அளவே கலக்குங்கள்; இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு மறுபடி கிண்டுவது கூடவே கூடாது.

விடியற்காலையில் தொடங்கி ஒரே நாளில் ஓடு முழுவதையும் முதல் சுற்று மூடிவிடுவது நல்லது. அதற்குத் தக்க ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமானால் விளிம்பைச் சரிவாக விட்டு, மறுநாள் கம்பித் தூரிகையால் சுரண்டி, சிமென்டுப் பால் தடவித் தொடருங்கள். முதல் சுற்றின் மேற்பரப்பைக் கீறி விட்டுவிட்டு, அடுத்த நாள் அதை நனைத்து இரண்டாம் சுற்று. இரண்டும் சேர்ந்து ஓட்டின் மொத்தக் கனம் 5 செ.மீ. வலைக்கு மேலே வெளிப்பூச்சு ஒன்றரை செ.மீ.யாவது இருக்க வேண்டும். கடலோரத்தில் 2 செ.மீ.

சிமென்டுக் கலவையில் வெறுங்கையோடு ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் தோல் வெந்துவிடும். ரப்பர் கையுறை கொடுங்கள், சித்தாளுக்கும் சேர்த்து. ஆர்வத்தோடு வரும் மாணவர்களை இந்தக் கட்டத்தில் வேடிக்கை பார்க்க மட்டும் விடுங்கள்.

கோபுரங்களில் சுதை வேலை செய்கிறவர்கள் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் தேடிப்போய் அழையுங்கள். இரண்டாம் சுற்றில் கண்ணிமை, தாடை மடிப்பு, துடுப்பின் தசை வளைவு எல்லாம் அவர்கள் கரணையில் வரும் அழகே தனி. ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்: இது கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற உருவம் இல்லை, மேலே பிள்ளைகள் ஏறப்போகிறார்கள், ஆகவே எந்த நுனியும் கூர்மையாக முடியக் கூடாது. ஒவ்வொரு விளிம்பும் இரண்டு செ.மீ. ஆரத்திலாவது உருண்டிருக்கட்டும். வாசலின் மேல்விளிம்பை இன்னும் தடிமனாக, இன்னும் உருட்டாகச் செய்யச் சொல்லுங்கள், தலைகள் முட்டுவது அங்கேதான்.

ஓட்டின் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள்தான் ஏறும் படிகள். இரண்டாம் சுற்று ஈரமாக இருக்கும்போதே, கட்டங்களைச் சற்று மேடாக ஏற்றி, பள்ளத்தின் அடியிலும் வலைக்கு மேலே அந்த வெளிப்பூச்சு குறையாதபடி, 5 செ.மீ. அகலத்துக்கு மழுங்கலான பள்ளமாக இழுங்கள். ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு அடிக்கு மேல் தூரம் வேண்டாம். எல்லாப் பள்ளமும் கீழ்நோக்கிச் சரிந்து வெளியே முடிய வேண்டும். தண்ணீர் நின்றால் வழுக்கும், கொசுவும் முட்டையிடும். கால் படும் பரப்பைப் பளபளப்பாகத் தேய்க்காமல், ஈரப் பஞ்சை ஒற்றி எடுத்துச் சொரசொரப்பாக விடுங்கள். உள்ளே தரைக்கு ஒரு வாசலை நோக்கிச் சரிவாக சாதாரண கான்கிரீட் போதும்.

நீராற்றுதல்

பூச்சு, நகத்தால் கீறினால் தடம் விழாத அளவுக்கு இறுகியதும் ஈரக் கோணிச் சாக்கால் முழுக்கப் போர்த்துங்கள், மேலே பிளாஸ்டிக் தாள். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அதற்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும் என்பது விதி. மெல்லிய ஓடு சீக்கிரம் உலரும் என்பதால் 14 நாள் வையுங்கள். சாக்கு ஒரு பிற்பகல்கூடக் காயக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதை முன்னாலேயே பெயர் போட்டு எழுதி வையுங்கள். ஐப்பசி அடைமழையிலும் அக்கினி நட்சத்திரத்திலும் பூச்சு வேலை வைக்காதீர்கள். தை, மாசி தோதான மாதங்கள். 28 நாள் ஆகும் வரை யாரும் ஏறக் கூடாது, சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள்.

நிறம், மொசைக்

வண்ணம் பூசுவதும் 28 நாளுக்குப் பிறகுதான். வெளிச்சுவருக்கான அக்ரிலிக் பெயின்ட் போதும். குழந்தைகள் நக்கும், கடிக்கும். இந்தியாவில் 2017 முதல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம், டப்பாவில் அந்தக் குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். ஓட்டின் மேற்பரப்புக்கு வெளிர்நிறம் கொடுத்தால் சூடு குறையும்.

உடைந்த டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் கால் படாத இடங்களில் மட்டும்: கன்னம், துடுப்பின் பக்கவாட்டு, வாசலுக்கு உள்புறம். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழுக்குங்கள். உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. மாணவர்களை உள்ளே கொண்டுவர ஏற்ற இடம் இதுதான். மழுக்கிய துண்டுகளைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு சாண் இடத்தை அவர்களே நிரப்பட்டும்.

சுற்றிலும் மணல்

சிற்பத்தைச் சுற்றி ஆறு அடிக்கு வேறு எதுவும் இருக்கக் கூடாது. கல், வேர், நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மணல் படுகை போடுங்கள். நான்கு அடி உயரத்திலிருந்து விழுவதற்கு 9 அங்குல ஆழ மணல் வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. மணல் ஒதுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் 12 அங்குலம் போட்டுவிடுங்கள். ஓட்டின் அடியில் 12 அங்குலக் கோட்டை பெயின்ட்டால் குறித்து வைத்தால், மணல் குறைவது தோட்டக்காரருக்கே தெரியும். ஐந்தாறு அடி உயரச் சிற்பத்துக்கு இதே ஆழ மணல் போதாது. அதற்கு மரச்சீவலோ ரப்பர் துகளோ போட வேண்டியிருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை

மழைக்காலம் முடிந்ததும் ஒரு சின்னச் சுத்தியலோடு போய் ஓடு முழுவதையும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பொத்தென்ற சத்தம் வந்தால் உள்ளே பூச்சு விட்டிருக்கிறது. மயிரிழை வெடிப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம், பெயின்ட்டே மூடிவிடும். நகம் நுழையும் வெடிப்பும், பழுப்பு நிறத் துருக்கறையும் கண்டால் அந்த வாரமே வேலை வையுங்கள். கறையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்து, கம்பி பளிச்சென்று தெரியும் வரை துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சும் சிமென்டுப் பாலும் கொடுத்து, அதே 1:2 கலவையை அழுத்தி நிரப்புங்கள். அந்தச் சின்ன ஒட்டுக்கும் ஈரச் சாக்கு பத்து நாள் வேண்டும், கயிறும் கட்ட வேண்டும்.